நெல் உலர்த்தி சென்சருக்கு மொஸ்கிட்டோ காணுமா, ராபிட்எம்கியூ வேணுமா?

சம்மாந்துறையான்: ஆலையில 12 உலர்த்தி, ஒவ்வொன்டிலயும் வெப்ப சென்சர், 5 செக்கனுக்கு ஒரு ரீடிங். ரீடிங்கை மெசேஜா வாங்கிக் கடத்துற மென்பொருள், மொஸ்கிட்டோ புரோக்கர், ஆலைக்குள்ள யூபிஎஸ்ஸில. அதில இருந்து எடுத்து எழுதுற நோட்-ரெட்டும், ரீடிங் சேருற டேட்டாபேஸும் ஆபீஸ் கம்பியூட்டரில. ஆபீஸில கரண்ட் போய் வந்தா அந்த நேரத்து ரீடிங் ஒன்டும் இல்ல. புரோக்கரை ராபிட்எம்கியூவுக்கு மாத்தவா?

வாவிக்கரை: தேவையில்ல தம்பி. சென்சர் பக்கமும் நோட்-ரெட் பக்கமும் கியூஓஎஸ் 1 (கிடைச்சதென்டு பதில் வரும் வரைக்கும் மெசேஜை விடாத தரம்) போடுங்க. ரெண்டில குறைஞ்சதுதான் செல்லும். நோட்-ரெட்டில கிளையன்ட் ஐடியை (புரோக்கர் அடையாளம் காணுற பேர்) நிலையா எழுதி, கிளீன் செஷன் டிக்கை எடுங்க, அப்பதான் அது இல்லாத நேரத்து மெசேஜைப் புரோக்கர் சேர்த்து வைக்கும். மறுகா, புரோக்கர் ஒரு கிளையன்டுக்குச் சேர்த்து வைக்கிறது 1000 மெசேஜ்தான். உங்களுக்கு நிமிசத்துக்கு 144 வருது. 7 நிமிசத்தில நிரம்பி, மிச்சம் சத்தமில்லாமப் போய்டும். அந்த எல்லையை, மெக்ஸ் கியூட் மெசேஜஸை, 20000 ஆக்கினா ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல தாங்கும்.

கடலோரம்: பாதி வைத்தியம். நோட்-ரெட் மெசேஜ் கைக்கு வந்த உடனே புரோக்கருக்கு அக் (கிடைச்சது என்ட பதில்) குடுத்திடும், டேட்டாபேஸில எழுதின பிறகு இல்ல. எழுத முதல் கரண்ட் போனா அந்த ரீடிங் ரெண்டு பக்கமும் இல்ல. ராபிட்எம்கியூவில மெனுவல் அக், பிரீஃபெட்ச் 20 (அக் வராம 20 மெசேஜுக்கு மேல தராது): எழுதி முடிச்சாத்தான் வரிசையில இருந்து அழியும்.

வாவிக்கரை: போறது ஒன்டு ரெண்டு ரீடிங். அதுக்கு ராபிட் ஏத்துறது நுளம்படிக்க உலக்கை எடுக்கிற கதை.

கடலோரம்: ஒன்டு ரெண்டா அண்ணன்? அரை மணித்தியாலம் கழிச்சு ஆபீஸ் திரும்பினா 4320 மெசேஜ் ஒரேயடியா வந்து விழும். பால் மொரிசன் ஐபிஎம்மில வடிச்ச ஃபுளோ-பேஸ்ட் புரோகிராமிங்கில (நிரலைக் கூறுகளாப் பிரிச்சு இணைக்கிற முறை) ரெண்டு கூறுக்கு நடுவில இணைப்புக்கு ஒரு கொள்ளளவு இருக்கு. நிரம்பினா அனுப்புறவன் நிப்பான். நோட்-ரெட்டில கூறுகளை இணைக்கிற வயரில அந்த மடை இல்ல. டேட்டாபேஸ் இழுபட்டா எல்லாம் மெமரியில குவியும்.

வாவிக்கரை: மடை விசயம் சரி. நோட்-ரெட்டில மெசேஜைச் சேர்க்கிற ஜொயின் நோட் வச்சு 100 ரீடிங்கை ஒரே இன்சர்ட்டா எழுதலாமே?

கடலோரம்: எழுதலாம். 100 சேர 40 செக்கன். அதுக்குள்ள கரண்ட் போனா அவ்வளவும் போச்சு.

பொத்துவில் காத்து: ரெண்டு பேரும் ஆபீஸையே பார்க்கிறீங்க. யூபிஎஸ் பட்டரி செத்தா? மொஸ்கிட்டோவில பெர்சிஸ்டென்ஸ் (வரிசையை டிஸ்கில எழுதுற அமைப்பு) ட்ரூ போட்டாலும் ஆட்டோசேவ் 1800 செக்கனுக்கு ஒருக்காத்தான். 60 ஆக்குங்க. அடிக்கடி எழுதினா எஸ்டி கார்ட் தேயும், எஸ்எஸ்டி நல்லம். எந்தப் புரோக்கர் என்டாலும் ஒரே ரீடிங் சிலநேரம் ரெண்டு தரம் வரும். சென்சர் எண்ணையும் நேரத்தையும் சேர்த்து டேட்டாபேஸில யுனிக் கீ (ஒரே பதிவை ரெண்டாம் தரம் ஏற்காத சாவி) வைங்க. நேரத்தைச் சென்சர்தான் போடணும். டேட்டாபேஸ் போட்டா வரிசையில காத்து நின்ட அரை மணித்தியால ரீடிங்கும் ஒரே நிமிசத்தில பதிஞ்சு கிடக்கும்.