நேட்டிவ் ஆப்: 'இயற்செயலி' என்று எழுதலாமா?

வணக்கம்.

மூன்று நாட்களாக இந்தக் குழுவில் 'நேட்டிவ்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி அதைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம். எனக்கோ அவசரம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கும் கையேட்டில், 'செயலியை எந்த வழியில் எழுதுவது?' என்ற அத்தியாயம் இரண்டு சொற்கள் கிடைக்காமல் நிற்கிறது. ஒரு கருவியின் இயங்குதளத்துக்கென்றே எழுதும் நேட்டிவ் ஆப் ஒன்று, உலாவிக்குள் (பிரவுசர்) ஓடும் வெப் ஆப் மற்றொன்று. இதுவரை வந்த முன்மொழிவுகளுக்கு என் பதிலைக் கீழே எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தாய்மொழி என்கிறோமே, அதேபோல் 'தாய்ச் செயலி' என்றால் என்ன?

கேட்கும்போது இனிக்கிறது. ஆனால் கணினித் தமிழில் 'தாய்' என்ற இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. தாய்ப்பலகை இருக்கிறது. தாய் நிறுவனம் இருக்கிறது. 'தாய்ச் செயலி' என்றதும் மாணவன் முதலில் கேட்பது 'சேய்ச் செயலி எது?' என்றுதான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்ற பொருளை அந்தச் சொல் தூக்கிக்கொண்டு வருகிறது. இங்கே அப்படி எதுவும் பிறக்கவில்லை.

> 'உள்நாட்டுச் செயலி', 'மண்ணின் செயலி'

2020 ஜூனில் 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு 'உள்நாட்டுச் செயலி' என்றால் இந்தியாவில் செய்தது என்றுதான் பொருள்படும். நமக்கு வேண்டியது செய்த நாட்டின் பெயர் அல்ல.

> எளிமையாக 'நிறுவு செயலி', 'நிறுவாச் செயலி' என்று பிரிக்கலாம்.

மூன்றில் இதுதான் கெட்டிக்காரத்தனமானது. நானும் ஒரு நாள் முழுக்க இதன் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் வெட்டு விழும் இடம் தவறு. 2012 வரை ஃபேஸ்புக்கின் ஐபோன் செயலி எப்படி இருந்தது? கடையிலிருந்து இறக்கி நிறுவ வேண்டும், முகப்பில் சின்னமும் வந்து உட்காரும். உள்ளே பெரும்பகுதி வலைப்பக்கம். ஓடு மட்டும்தான் ஐபோனுக்கென்று செய்தது. தடவித் தடவி இயங்கிய அதை அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐபோனுக்கென்றே புதிதாக எழுதி வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.5-ஐ அளவுக்கு மீறி நம்பியது நிறுவனத்தின் மிகப் பெரிய தவறு என்று மார்க் ஸக்கர்பெர்க் மேடையில் ஒப்புக்கொண்டார். நிறுவுவதை அளவுகோலாக வைத்தால் பழையதும் புதியதும் ஒரே வகை ஆகிவிடும். அவர்கள் மாற்றியதற்குப் பெயரே இருக்காது. மறுபக்கம், இன்று வலைச் செயலியையும் முகப்பில் நிறுவிக்கொள்ள முடிகிறது.

அப்படியானால் வெட்டு எங்கே விழ வேண்டும்? இந்தக் கருவியின் இயங்குதளம் தனக்கென்று வைத்திருக்கும் மொழியையும் பொத்தான்களையும் பட்டியல்களையும் நேரடியாக எடுத்து எழுதியதா, அல்லது உலாவி என்ற இடைத்தரகர் வழியாகப் பேசுகிறதா என்பதில். ஐபோனில் ஸ்விஃப்ட், ஆண்ட்ராய்டில் கோட்லின் என்ற நிரல்மொழிகளில் எழுதுவது முதல் வகை. ('இயந்திரமொழிச் செயலி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆண்ட்ராய்டில் கோட்லின் முதலில் இடைநிலைக் குறிமுறையாகத்தான் மாறுகிறது. இயந்திரமொழிக்கு நேரடியாகப் போகும் சி++ வேலையை அங்கே தனியாக 'நேட்டிவ்' என்கிறார்கள். குழப்பம் இரட்டிப்பாகும்.)

இங்கேதான் நம் இலக்கணம் கை கொடுக்கிறது. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். தன் இயல்பிலேயே, திரியாமல் நின்று, அந்நிலத்தார் எல்லோருக்கும் பொருள் விளங்கும் சொல் இயற்சொல். நேட்டிவ் ஆப் செய்வதும் அதைத்தானே? அந்தக் கருவியின் பேச்சையே பேசுகிறது. இயல் + சொல் இயற்சொல் ஆனால், இயல் + செயலி இயற்செயலி.

'இயல்' என்றால் இயற்பியல், இயற்கை என்று மனம் போகாதா என்று கேட்பீர்கள். போகும். ஆனால் 'இயற்பெயர்' என்ற சொல்லைப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவார்கள். புனைபெயருக்கு எதிர்ப்பக்கம் நிற்பது அது. அந்தப் பழக்கம் நமக்கு உதவும். எனக்குள்ள உண்மையான பயம் வேறு. முயற்சியை 'முயற்ச்சி' என்று எழுதும் ஊர் இது. 'இயற்ச்செயலி' என்று எழுதிவிடுவார்கள். கையேட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி போட வேண்டியிருக்கும்.

> வெப் ஆப்புக்கு 'இணையச் செயலி' செய்தித்தாள்களில் வந்துவிட்டது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

ஏனென்றால் ரயில் டிக்கெட் எடுக்கும் செயலியும் இணையம் இல்லாமல் நகராது, அதற்காக அது வெப் ஆப் ஆகிவிடாது. நன்றாக எழுதிய வெப் ஆப்போ தேவையானதை முன்கூட்டியே கருவியில் சேமித்துவைத்து, இணையம் அறுந்தாலும் திறக்கிறது. 'வலைச் செயலி' இதைவிட மேல், அதை எதிர்க்க மாட்டேன். என் வாக்கு 'உலாவிச் செயலி'க்கு. எங்கே குடியிருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. உலாவியின் உள்ளுறுப்பை மட்டும் பெயர்த்து, நிறுவும் செயலியின் ஓட்டுக்குள் வைத்துக் கட்டுவதைக் 'கலப்புச் செயலி' என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 'இயல்' என்பதால் அதுவே உயர்ந்தது என்ற தொனி வந்துவிடக் கூடாது. 2007 ஜூனில் முதல் ஐபோன் வந்தபோது ஆப்பிளுக்கு வெளியே இருந்து செயலி எழுதுவோருக்கு உலாவிச் செயலி ஒன்றுதான் வழி. ஆப் ஸ்டோர் திறந்தது 2008 ஜூலையில்தான். நம் நாட்டிலேயே ஆடை விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் இணையதளத்தை மூடிவிட்டுச் செயலி மட்டும் போதும் என்றது. அடுத்த ஆண்டே தளத்தைத் திரும்பத் திறந்தது. அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட், கைபேசிக்கான இணையதளத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு 2015 நவம்பரில் 'ஃபிளிப்கார்ட் லைட்' என்று உலாவிக்கே திரும்பியது. நினைவகம் குறைந்த கைபேசிக்காரர் ஒரு சட்டை வாங்குவதற்காக இன்னொரு செயலியை இறக்க மாட்டார்.

தமிழ் வாசகருக்கு இன்னும் பழைய நினைவு ஒன்று உண்டு. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது, ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும்படி மாற்றித்தானே நாம் வலைப்பதிவுகளைப் படித்தோம்? கருவியின் இயல்பு மொழியில் அன்று தமிழே இல்லை. உலாவிதான் நம்மைக் காப்பாற்றியது. கையேட்டில் இதை ஒரு பத்தியாக எழுதப் போகிறேன்.

சொற்களைப் புழக்கத்தில் விட்டுப் பார்த்தேன்: 'கேமரா, புளூடூத் என்று கருவியின் உறுப்புகளை ஆழமாகத் தொட வேண்டுமென்றால் இயற்செயலி. ஆனால் ஐபோனுக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு ஒன்று என இரு முறை எழுத வேண்டும். அறிவிப்புப் பலகை போன்ற வேலைக்கு உலாவிச் செயலி போதும். திருத்தினால் அந்தக் கணமே எல்லோருக்கும் போய்ச் சேரும்.' என் காதுக்கு இடறவில்லை. உங்கள் காதுக்கு?

கடைசியாக, 2015-இல் பெயரிடப்பட்ட அந்த 'புரோகிரஸிவ் வெப் ஆப்'. அதை 'முற்போக்கு வலைச் செயலி' என்று எழுதியவரே பிறகு சிரிப்புக்குறி போட்டுவிட்டார். மேடை, மாநாடு, தீர்மானம் எல்லாம் கண்முன் வருகின்றன. உலாவிக்கு வசதி கூடக் கூடத் தானும் கூடுவதுதான் அதன் குணம். ஐபோனில் அதற்கு அறிவிப்பு அனுப்பும் வசதி கிடைக்கவே 2023 மார்ச் ஆயிற்று. 'வளர்பிறை' போல 'வளர்செயலி' என்றால், வினைத்தொகையாகி வளர்ந்த, வளர்கிற, வளரும் என்ற மூன்று காலமும் அடங்கிவிடும்.

அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். அதற்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் இயற்செயலி, உலாவிச் செயலி என்றே அச்சுக்குப் போகும். 'முற்போக்கு' வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.