"ரேக்" - தமிழில் என்ன எழுதலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சேலத்திலிருந்து:

வணக்கம். இங்கே ஓர் உருக்காலையில் சரக்கு ரயில் வேலை முழுவதையும் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். தாது ஏற்றிய வண்டி எங்கே வருகிறது என்பதை ரயில்வேயின் சரக்குத் தகவல் அமைப்பான எஃப்ஓஐஎஸ் சொல்லிவிடும். வேகனைக் கவிழ்த்துச் சரக்கைக் கொட்டும் எங்கள் டிப்ளர் எப்போது காலியாகும் என்பதோடு அதைப் பொருத்திப் பார்ப்பதுதான் புதிய மென்பொருளின் வேலை.

பாக்ஸ்-என் என்னும் திறந்த சரக்கு வேகன்கள் 58 அல்லது 59 சேர்ந்து ஒரே கணக்காக வருவதுதான் ரேக். எஞ்சின் அதில் சேராது. ஆலைக்கென்று பிரியும் தடமான சைடிங்கில் நிறுத்தியதும் நேரம் ஓடத் தொடங்கும். இலவச நேரம் தாண்டினால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ். அதற்குத் "தாமதக் கட்டணம்" என்று வைத்துவிட்டோம். ரேக்கில்தான் மாட்டிக்கொண்டோம். குப்பை வாரும் கருவிக்கும் ஆங்கிலத்தில் ரேக் என்றே பெயர்; மென்பொருள் தந்தவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் "குப்பைவாரி வந்தது" என்று போட்டிருந்தார்கள். இரவுப் பணியில் இருந்த தம்பி எனக்குப் போன் செய்து, "சார், குப்பை அள்ள யார் வர்றாங்க?" என்று கேட்டார். வண்டி வந்து 40 நிமிடம் ஆகியிருந்தது.

"கோவை" என்று போடலாமா?

மதுரையிலிருந்து:

கோத்தது கோவை, சொல்லில் குறையில்லை. ஆனால் "கோவை 14:20-க்கு வந்தது" என்று ரயில் திரையில் படித்தால் யாருக்கும் ஊர்தான் நினைவுக்கு வரும். "தொடர்" என்றால் தொடர்வண்டியோடு குழம்பும்.

நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஒழுகை. புறநானூறு 116-இல் பாரி மகளிர் குப்பை மேட்டில் ஏறி நின்று "உமணர் உப்பொய் ஒழுகை" எண்ணுகிறார்கள். உப்பு வணிகர்களான உமணரின், உப்பு ஏற்றிய வண்டிகளின் வரிசை அது. ஒரே சரக்கு, வரிசையாக வண்டிகள், பக்கத்தில் நின்று எண்ணும் ஆள். உங்கள் சைடிங்கில் நடப்பதும் அதுதானே? ஒழுகு, ஒழுக்கு, ஒழுங்கு எல்லாம் ஒரே வேர். புறம் 173-இல் முட்டை தூக்கிப் போகும் எறும்பு வரிசைக்கும் "ஒழுக்கு" என்றே வரும். அப்புறம் "உப்பொய்" என்பதில் அந்த "ஒய்" இருக்கிறதே, அதற்குக் கொண்டுசெல்வது என்று பொருள். போக்குவரத்து மேலாண்மைக்குக்கூட அதிலிருந்து ஒரு சொல் எடுக்கலாம். தனி மடலில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

ரயில்வே சரக்குப் பிரிவில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை அம்மா சொன்ன பாட்டு அருமை. ஆனால் வேகன் கதவு சரியாக மூடாமல் நிலக்கரி வழியெல்லாம் கொட்டினால் யார்டில் "ஒழுகுது" என்றுதான் சொல்வோம். "ஒழுகை 3-ஆம் தடத்தில்" என்று திரையில் வந்தால் ஆட்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓட்டையைத் தேடப் போவார்கள். ரயிலையும் டிக்கெட்டையும் ஏற்றுக்கொண்ட தமிழுக்கு ரேக் பாரமில்லை. அதோடு "அரை ரேக்", "முழு ரேக்" என்று சொல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது. எந்தச் சொல் வந்தாலும் அந்த "அரை" அதில் ஒட்ட வேண்டும்.

மதுரையிலிருந்து:

அரை ஒழுகை. ஒட்டுகிறதே! பழக்கம் இல்லை என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ளினால் எந்தச் சொல்லும் பழக்கத்துக்கு வராது, ஐயா. கணினியும் அப்படி வந்ததுதான்.

சேலத்திலிருந்து:

நேற்று மூன்று சொல்லையும் தாளில் எழுதி சைடிங்கில் ஆறு பேரிடம் காட்டினேன். ஊரோடு குழம்பாமல் இருக்க "வண்டி" சேர்த்த "வண்டிக்கோவை" நான்கு பேருக்குப் புரிந்தது. "ஒழுகை"யைப் பார்த்ததும் ஒருவர் எந்த வேகன் என்று கேட்டார். சரி, பொத்தானில் "ரேக்", உதவிப் பக்கத்தில் "ரேக் என்னும் வண்டிக்கோவை" என்று அனுப்புகிறேன். பெரும்பாலானோர் அதற்குச் சம்மதித்திருக்கிறீர்கள்.

மதுரையிலிருந்து:

என் மறுப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பாரி மகளிர் கோவையை எண்ணவில்லை.

சேலத்திலிருந்து:

பதிந்துவிட்டேன், அம்மா. இன்னும் ஒன்று பாக்கி: வேகன் கேட்டுப் பதியும் இண்டென்ட்டுக்கு "வேண்டுகை" போதுமா? அதுவும் வெள்ளிக்கிழமைதான்.