பற்று நோட்டும் உணவு வங்கியும்: எல்லையோரக் கடைகளில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கேரளத்தில் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர் வாசகசாலையின் பின்னறையில் சிறிய உணவு வங்கி ஒன்றை நடத்துகிறோம். பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு இரும்பு அலமாரி, எலி புகாத தகர டிரம்கள், ஒரு பேரேடு, அவ்வளவுதான். உள்ளே வரும் சரக்கில் பெரும்பகுதி இங்குள்ள பலசரக்குக் கடைகளிலிருந்து வருகிறது. அந்தக் கடைக்காரர்களோடு பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்.

உணவு வங்கி என்ற ஏற்பாடு 1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் தொடங்கியது. மளிகைக் கடைகள் நல்ல உணவைக் குப்பையில் கொட்டுவதை அறிந்த ஜான் வான் ஹெங்கல் என்பவர், அதைச் சேர்த்து வைத்துக் கொடுக்க ஓர் இடம் ஏற்படுத்தினார். இதைப் படித்துவிட்டு வந்த எங்கள் இளைஞர் ஒருவர், சந்தை முக்கில் இருக்கும் ராவுத்தர் கடைக்குப் போய், "மிஞ்சுகிறதைக் கொடுங்கள் பாய்" என்று கேட்டார். ராவுத்தர் சிரித்துவிட்டார். "என் கடையில் என்ன தம்பி மிஞ்சும்? பிஸ்கட்டுக்குத் தேதி நெருங்கினால் ஏஜென்சிக்காரன் மாற்றிக் கொடுக்கிறான். பயறில் வண்டு விழுந்தால் வெயிலில் காயப்போட்டுப் புடைத்து விற்கிறேன். அழுகின தக்காளிக்குப் பக்கத்து வீட்டு ஆடு காத்திருக்கிறது."

உண்மைதான். நம் சிறு கடைகளில் வீசியெறிய ஒன்றும் இருப்பதில்லை. உபரி வைத்திருப்பது பெரிய கடைதான். நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட், காலாவதியாக இரண்டு நாள் இருந்த நூடுல்ஸைப் பெட்டி பெட்டியாக இறக்கி, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனது. உபரி உணவு வினியோகத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறை வகுத்திருக்கிறது. தேதி கடந்ததைக் கொடுக்கக் கூடாது. இரண்டே நாளில் எத்தனை வீட்டு வாசலுக்கு ஓடுவது?

ராவுத்தரிடம் இருந்தது வேறு ஒன்று: கடனுக்கு வாங்கியதை எழுதி வைக்கும் பற்று நோட்டு. மாதப் பிறப்பில் ஒரு சிப்பம் அரிசி எடுத்துக்கொண்டு போகும் வீடு, திடீரென்று ஒரு கிலோ, அரைக் கிலோ என்று வாங்கத் தொடங்கினால், அதை முதலில் கவனிப்பவர் அவர்தான். பருப்பு நின்று போகும், பிறகு எண்ணெய், கடைசியில் குழந்தையை மட்டும் கடைக்கு அனுப்புவார்கள். கேரளத்தில் ரேஷன் அட்டைக்கு மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று நான்கு நிறம். வெள்ளை அட்டைக்காரர் வசதியானவர் என்பது அரசாங்கக் கணக்கு. கர்க்கடக (ஆடி) மாத மழையில் வேலை இல்லாமல் கிடக்கும் வெள்ளை அட்டை வீட்டின் கதை நோட்டில்தான் இருக்கும். வீடு இந்தப் பக்கமும் அட்டை எல்லைச் சாவடியான கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கமுமாக இருக்கும் குடும்பங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது எங்கள் முறை இது. பணத்துக்குப் பதிலாகக் கடையில் கொடுக்க நாங்கள் ஒரு சீட்டு கொடுக்கிறோம்; கடைக்காரருக்குப் பணம் நாங்கள் கட்டுகிறோம். குடும்பம் வழக்கம்போலக் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அது பற்றா, சீட்டா என்று தெரியாது. அரிசியையும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். முன்பு மூட்டை கட்டிக் கொடுத்தபோது, மட்டை அரிசி (கேரளத்துச் சிவப்புப் புழுங்கல்) வந்த தமிழ் வீடுகளில் குழந்தைகள் முகம் சுளித்தன, பொன்னி போன மலையாள வீட்டில் "இது சோறா?" என்று கேட்டார்கள். பசித்தவனுக்கு ருசி ஏது என்று சொல்பவர்கள் எல்லையோரத்தில் ஒரு வாரம் பரிமாறிப் பார்க்கட்டும்.

வேலந்தாவளத்திலிருந்து, கடை நடத்துபவர்

ராவுத்தர் பாயை எனக்கும் தெரியும். நல்ல மனிதர். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோட்டில் இருப்பதை நாங்கள் வெளியில் சொல்லக் கூடாது. இன்னார் எனக்கு இவ்வளவு பாக்கி என்று ஒரு சொல் வெளியே போனால், அந்த வீடு அடுத்த நாளே வேறு கடைக்குப் போய்விடும். போவதுகூடப் பரவாயில்லை, தலை குனிந்துகொண்டு என் கடையைத் தாண்டிப் போவார்களே, அதைப் பார்க்க முடியாது. அதனால் எங்கள் ஊர்க் குழுவிடம் நான் பெயர் சொல்வதில்லை. இந்த மாதம் ஆறு சீட்டு வேண்டும் என்பேன். யாருக்கு என்று அவர்களும் கேட்பதில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். சாமான் வாங்குகிறவர்கள் கூடுதலாக ஏதாவது வாங்கிப் போடலாம். எல்லோரும் என்ன போட்டார்கள் தெரியுமா? உப்பு! தர்மமும் செய்தாயிற்று, செலவும் குறைவு. பெட்டி நிறைய உப்புப் பாக்கெட். உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாயா போடுவது? "உப்பு போதும், பருப்பு வேண்டும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். துவரம்பருப்பைக் கால் கிலோ பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்கு மேலேயே அடுக்கினேன். அதற்குப் பிறகு நிலைமை மாறியது. கையில் சில்லறை மிச்சம் இருந்தால் கை தானாக அங்கே போகிறது.

செங்கல் சூளைகளில் வேலை செய்யும் வங்காள, ஒடிசாப் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் கொடுத்தால் போதும். தேங்காயெண்ணெய் கொடுத்தால் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

2020 மார்ச்சில் எல்லை மூடியபோது பொள்ளாச்சிச் சரக்கு சில நாள் வரவே இல்லை. பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களும் சமூக அடுக்களை தொடங்கினார்கள். ஆளில்லாத ஏழைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சாப்பாடு 20 ரூபாய். நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் இருந்த அரிசியையும் வெங்காயத்தையும் பங்குபோட்டுக் கொடுத்தோம். அரிசியில் எங்களுக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரன் கையை மட்டும் கடித்து நடக்கும் தர்மம் ஓராண்டு ஓடாது.

வண்டிப்பெரியாற்றிலிருந்து

கடைசியில் சொன்னதற்கு எங்கள் இடுக்கி மலையில் சாட்சி உண்டு. தேயிலை விலை சரிந்து, 2000-ஆம் ஆண்டு வாக்கில் பீருமேடு பக்கம் பல தோட்டங்கள் மூடப்பட்டன. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, பணிக்கொடை இல்லை, ஊருக்குத் திரும்பலாம் என்றால் கம்பத்திலும் சங்கரன்கோவிலிலும் நிலமும் இல்லை. லயத்து முனையில் கடை வைத்திருந்த அண்ணாச்சி பற்று எழுதிக்கொண்டே இருந்தார். நோட்டு தீர்ந்தால் அடுத்த நோட்டு. என் அம்மா கொடுத்த கம்மலை வாங்க மறுத்து, "பிள்ளை கல்யாணத்துக்கு வை, அக்கா" என்றார். எங்கள் லயம் பட்டினி கிடக்காததற்கு அவர்தான் காரணம். அவர் கடை இன்று இல்லை. மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட முடியாமல் கதவை அடைத்துவிட்டுப் போனார். யாரும் அவருக்கு விழா எடுக்கவில்லை.

ஆகவே உணவு வங்கிக்கு முதல் வேலை கடைக்காரருக்கு நேரத்தில் பணம் கொடுப்பது என்று நான் சொல்வேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் பக்கத்துக் கோயிலிலும் மாதா கோயிலிலும் பிடியரிசி சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வாரம் ஒருமுறை கொடுப்பார்கள். கேரளத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் சாவறா அச்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சேர்த்த அரிசியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். இதில் ஒரு சிக்கல்: பல வீட்டு அரிசி கலந்துவிடும். பொன்னி வெந்து குழைந்த பிறகும் மட்டை விறைத்துக்கொண்டு நிற்கும். சோறு வடிக்க லாயக்கில்லை. அதைக் கஞ்சிக்கு உடைத்துத் தருகிறோம்; நன்றாகப் போகிறது.

நகரியிலிருந்து

நீங்கள் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். நான் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம். இங்கே விசைத்தறி நின்றால் வீடு நின்றுவிடும். மாநிலத்தில் அண்ணா கேண்டீன்கள் என்ற அரசு மலிவு விலை உணவகங்கள் 2018-இல் வந்தன, 2019-இல் மூடினார்கள், 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். ஐந்து ரூபாய்க்குச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் கைக்குழந்தைக்குப் பால் மாவும், படுத்த கிழவிக்கு ரவையும் கேண்டீனில் கிடைக்காது. எங்கள் தெருவிலுள்ள மளிகைக் கடைக்கார அம்மா அதை மட்டும் பார்த்துக்கொள்கிறார். அரிசி கேட்டால் "கேண்டீனுக்குப் போ" என்று துரத்துவார். கறாரான பெண்மணி, எனக்கு அவரைப் பிடிக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மீண்டும்

வேலந்தாவளத்து நண்பருக்கு: நாங்களும் பெயர்ப் பட்டியல் வைப்பதில்லை. சீட்டில் எண் மட்டும் இருக்கும். வண்டிப்பெரியாற்றுக்காரருக்கு: கடைக்காரரின் கொள்முதல் விலைக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறோம். ஒரு கடைக்கு இத்தனை சீட்டுதான் என்று வரம்பும் வைத்திருக்கிறோம். மீறினால் அடுத்த கடைக்கு அனுப்புகிறோம். பணம் வெளியூரில் வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. ஆடி மாதத்தில் மட்டும் இழுபறி. அதற்கு உப்புப் பெட்டி, மன்னிக்கவும், பருப்புப் பெட்டி யோசனையை இங்கும் செய்து பார்க்கப் போகிறோம். கால் கிலோப் பொட்டலம் கட்டுகிற கூலியை யார் ஏற்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.