வேதம், உபநிடதம், புராணம்: எது முந்தியது? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நெல்லைவாசகன்:
ரிக் வேதம் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 1500–1000 என்று பாடநூல்களில் வருகிறது. ஆனால் புனே பண்டார்கர் நிறுவனத்தில் உள்ள ரிக் வேதச் சுவடிகளில் மிகப் பழையதே 1464ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். நடுவில் உள்ள இரண்டரை ஆயிரம் ஆண்டுகளை எதை நம்பித் தாண்டுகிறார்கள்? புராணங்களையும் வியாசரே தொகுத்தார் என்றால் அவையும் அதே காலத்தவையா?

பதபாடன்:
சுவடியின் வயது வேறு, நூலின் வயது வேறு. வேதம் ஓதிக் காக்கப்பட்டது. குறுந்தொகை 156ஆம் பாட்டு அதை 'எழுதாக் கற்பு' என்றே சொல்கிறது. கன பாடம் என்ற ஓதும் முறையில் சொற்கள் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னுமாக வரும். ஒரு சொல் விழுந்தால் பக்கத்துச் சொற்களின் சந்தியும் (சொற்கள் சேரும்போது வரும் ஒலி மாற்றம்) சுரமும் சேர்ந்து கெடும், பிழை உடனே காதில் படும்.

காலத்துக்கு வருவோம். ரிக் வேதத்துக்கு நேரடித் தேதி கிடையாது, எல்லைகள்தான் உண்டு. துருக்கியின் போகாஸ்கோய் என்ற இடத்தில் கிடைத்த, மிட்டானி என்ற பழைய மேற்காசிய அரசின் உடன்படிக்கை பொ.ஆ.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) சாட்சிகளாக வருகிறார்கள். மிட்டானியைச் சேர்ந்த கிக்குலி என்பவரின் குதிரைப் பயிற்சி நூலில் எண்கள் 'ஐக', 'பன்ஸ', 'சத்த' என்று உள்ளன. ரிக் வேதத்தில் 'ஏக'. 'ஐ' தேய்ந்து 'ஏ' ஆவதற்கு முந்திய நிலை அது. அதனால் நம் கையில் இருக்கும் ரிக் வேதப் பாடத்தின் ஒலிவடிவம் அதற்குச் சற்றுப் பிந்தியது என்று கொள்கிறார்கள்.

மறுபக்க எல்லை இரும்பு. ரிக் வேதத்தின் 'அயஸ்' செம்பையோ வெண்கலத்தையோ குறிப்பது. 'கரிய அயஸ்', அதாவது இரும்பு, அதர்வ வேதத்தில்தான் வருகிறது. எனவே ரிக் வேதம் இரும்புக்கு முந்தியது என்று கொள்கிறார்கள். நெல்லும் புலியும்கூட அப்படியே: ரிக் வேதத்தில் இல்லை, அதர்வத்தில் உண்டு. மக்கள் கிழக்கே கங்கைப் பக்கம் நகர்ந்ததை இது காட்டுகிறது.

சந்தஸ்:
ஒன்று சேர்க்க வேண்டும். ரிக் வேதத்துக்கே ஒற்றை வயது கிடையாது. அதன் 1028 சூக்தங்களும் (பாடல்கள்) பத்து மண்டலங்களாகப் பிரிந்துள்ளன. 2 முதல் 7 வரையுள்ள மண்டலங்கள் ரிஷிக் குடும்பங்களின் தொகுப்புகள், அவைதான் பழைய பகுதி. 1, 10ஆம் மண்டலங்களில் (ஒவ்வொன்றிலும் 191) பெரும்பகுதி பிந்தியது. நான்கு வருணங்களைச் சொல்லும் புருஷ சூக்தம் 10.90இல் (10ஆம் மண்டலம், 90ஆம் சூக்தம்) இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இடைச்செருகலைப் பிடிக்க ஒரு வழி உண்டு. குடும்ப மண்டலங்களில் முதலில் அக்னி, அடுத்து இந்திரன், பிறகு மற்ற தேவர்கள். ஒவ்வொரு தேவனுக்குள்ளும் சூக்தங்கள் மந்திர எண்ணிக்கையின் இறங்குவரிசையில் நிற்கும். இந்த வரிசையை மீறி நிற்பவை பின்னால் சேர்ந்தவையாக இருக்கலாம், அல்லது பல சிறு துண்டுகள் ஒட்டியவையாக இருக்கலாம் என்று ஜெர்மன் அறிஞர் ஓல்டன்பர்க் 1888இல் காட்டினார்.

இன்னொன்று, பாடம் உறைவதற்கு முன் ஒலி மாறியிருக்கிறது. காயத்ரியை (3.62.10) விரல்விட்டு எண்ணுங்கள். 'தத்-ஸ-வி-துர்-வ-ரே-ண்யம்' என்றால் ஏழு அசைதான், சந்தமோ எட்டு கேட்கிறது. 'வரேணியம்' என்று விரித்தால் சரியாக வரும். சந்தம் பாடியவரின் உச்சரிப்பைக் காட்டுகிறது, சந்தி பிற்காலத் தொகுப்பாளரின் கையைக் காட்டுகிறது.

நெல்லைவாசகன்:
நன்றி. வேதச் சடங்குகளை விளக்கும் சதபத பிராமணம் என்ற நூலில் வரும் கார்த்திகை நட்சத்திரக் குறிப்பை வைத்து பொ.ஆ.மு. 3000 என்கிறார்களே?

பதபாடன்:
கார்த்திகை கிழக்கிலிருந்து விலகுவதில்லை என்ற ஒரே வரிதான் அதற்கு ஆதாரம். அது துல்லியமான அளவீடு என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த ஆண்டு வரும். வெறுங்கண்ணால் அடிவானத்தைப் பார்ப்பவருக்குச் சில பாகைப் பிழை சாதாரணம். நட்சத்திரங்களின் நிலை மெல்ல மாறும் அயன நகர்வு ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டு ஆகும், ஆக அந்தச் சிறு பிழையே பல நூற்றாண்டுகளைப் புரட்டிவிடும். அந்த நூலின் மொழியோ ரிக் வேதத்துக்கு வெகுவாகப் பிந்தியது.

ஏட்டுச்சுவடி:
உபநிடதம், புராணம் பற்றி நான் சொல்கிறேன். உரைநடையிலுள்ள பிருகதாரண்யகமும் சாந்தோக்கியமும் மூத்தவை, கடம் போன்ற செய்யுள் உபநிடதங்கள் அடுத்தவை. கடத்தின் 'ந ஜாயதே ம்ரியதே வா விபஸ்சித்' கீதை 2.20இல் 'விபஸ்சித்' (அறிவுடையோன்) போய் 'கதாசித்' (ஒருபோதும்) என்று வருகிறது. கடத்தில் பிரம்மத்தைப் பேசும் உபதேசம், கீதையில் போர்க்களத்துக்குப் பொருந்தும்படி திருத்தப்பட்டிருக்கிறது. கீதை பிந்தியது என்பதற்கு இது நல்ல சான்று.

புராணங்கள் வேதகாலத்தவை அல்ல. தொகுத்தவர் வியாசர் என்பது மரபு அவற்றுக்குத் தரும் மதிப்பு, அதைக் காலக்கணக்கில் சேர்க்க முடியாது. வாயு புராணம் அரசர்களை 'ஆள்வார்கள்' என்று எதிர்காலத்தில் அடுக்கி, குப்தர்கள் பிரயாகை, சாகேதம், மகதத்தை ஆள்வதோடு நிற்கிறது. சமுத்திரகுப்தனின் பெரும் படையெடுப்புகள் அதில் இல்லை. அதனால் அந்தப் பகுதியை 4ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள்.

பாகவத புராணம் 11ஆம் ஸ்கந்தத்தில் (பகுதியில்) தாமிரபரணி, கிருதமாலை, பயஸ்வினி, காவிரிக் கரைகளில் நாராயண பக்தர்கள் பெருகுவார்கள் என்கிறது. ஆழ்வார்களை அறிந்த கை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. 9–10ஆம் நூற்றாண்டு என்ற கணிப்பும் அதோடு ஒத்துப்போகிறது.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். நேபாளத்தில் 810ஆம் ஆண்டு ஓலைச்சுவடியில் கிடைத்த ஸ்கந்த புராணம், இன்று ஏழு காண்டமாக அச்சில் விற்கும் ஸ்கந்த புராணம் அல்ல, வேறு நூல். மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு, எந்தக் காண்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.