கலைச்சொல்: ‘ஒட்சியேற்றந்தாங்கு கலப்புலோகம்’ சரியா?

ஹட்டனிலிருந்து:
வணக்கம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தேயிலை டிரையரின் அடுப்புக்குழாயிலிருந்து பாடம் தொடங்குகிறது. 570 பாகை செல்சியசுக்கு மேல் சாதாரண உருக்கு ஏன் வேகமாக அரிக்கப்படுகிறது, 25% குரோமியமும் 20% நிக்கலும் சேர்ந்த உருக்கு ஏன் 1100 பாகையிலும் நிற்கிறது? இவ்வகை உலோகத்துக்கு ‘வெப்பந்தாங்கு கலப்புலோகம்’ போதுமா?

பேராதனையிலிருந்து:
போதாது ஐயா. மொலிப்டினம் 2620 பாகை வரை உருகாது, 1000 பாகையிலும் வலு விடாது. ஆனால் காற்றுப் பட்டால் ஒட்சிசனோடு சேரும், அதாவது ஒட்சியேறும்; அப்படி உண்டாகும் ஒட்சைட்டு 795 பாகையிலேயே உருகி ஆவியாகும். உலோகம் தேய்ந்துகொண்டே போகும். வெப்பத்தைத் தாங்கும், காற்றைத் தாங்காது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் குழம்புவார்கள். ‘ஒட்சியேற்றத் தடை’ என்று பிரியுங்கள்.

பதுளையிலிருந்து:
‘தடை’ மின்னியலுக்குப் போய்விட்ட சொல். தவிர, இவை ஒட்சியேற்றத்தைத் தடுப்பதே இல்லை. முதலில் தாமே ஒட்சியேறி, சில மைக்கிரோமீற்றர் தடிப்பில் குரோமியாவையோ (குரோமிய ஒட்சைட்டு) அலுமினாவையோ (அலுமினிய ஒட்சைட்டு) போர்த்திக்கொள்கின்றன. பிறகுதான் வேகம் அடங்குகிறது. 1000 பாகையைத் தாண்டினால் குரோமியாவும் ஆவியாகத் தொடங்கும், அலுமினா நிலைக்கும். ஆகவே ‘தாங்கு’. சுமைதாங்கியும் இடிதாங்கியும் நம்மிடம் இருக்கின்றனவே! மகரம் தகரத்தின் முன் நகரமாகும்: ‘ஒட்சியேற்றந்தாங்கு’. அந்த ‘ந்’ என்னும் ஒற்றெழுத்தை விழுங்காதீர்கள்.

மாத்தளையிலிருந்து:
‘ஒட்சி’யே இரவல். துருவுக்குக் ‘கறள்’ இருக்கிறது. கறு, கறை, கறள் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. சூட்டில் உருக்கின்மேல் படிவதும் கறுப்புத்தானே? ‘கறள்தாங்கு உலோகம்’ என்போம். தமிழும் ஆகும், சுருக்கமும் ஆகும்.

ஹட்டனிலிருந்து:
தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கறள் தெரியாது, துருதான் தெரியும். இரண்டுமே ஈரத்தில் பிடிப்பதைக் குறிப்பவை, அடுப்பில் ஈரமில்லை. ஆனால் இந்த விவாதத்தால் வேறு இரண்டு சொற்கள் தெளிந்தன. உலோகத்தோடு ஒட்டிநின்று காப்பது படலம். அடுப்பு அணைந்து ஆறும்போது உலோகம் அதிகமாகவும் படலம் குறைவாகவும் சுருங்குவதால் நெரிந்து உதிர்வது பொருக்கு. உதிர்ந்த இடத்தில் மீண்டும் படலம் கட்டக் குரோமியம் செலவாகும்; அது குறைந்துபோனால் இரும்பே ஒட்சியேறும், குழாய் ஓட்டையாகும். இட்ரியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு சேர்த்தால் படலத்தின் பிடிப்புக் கூடும். குறிப்பில் ‘ஒட்சியேற்றந்தாங்கு’ என்றே போடுகிறேன்.

பேராதனையிலிருந்து:
எனக்கும் சம்மதம். சூட்டிலும் வலு விடாத தன்மையை ‘வெப்பவலு’ என்று தனித் தலைப்பாக வையுங்கள்.

மாத்தளையிலிருந்து:
படலமும் பொருக்கும் நன்று. ஆறு எழுத்தில் முடிவதற்குப் பத்து எழுத்து செலவிடுகிறீர்கள். என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.