9 மாசமா வெறும் இலைதான், பூ ஏன் வரல? அவசரம்

மாடித்தொட்டி: மார்ச்ல விதை போட்டேன். கொழுகொழுன்னு இலை வருது, மொட்டு ஒண்ணுகூட இல்ல. சாயந்திரமானா வாசனை தூக்கும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. எப்சம் உப்பு போடலாமா? ஜனவரில வீட்ல விசேஷம், அதுக்குள்ள பூக்கணும்.

அல்சூர்_அக்கா: என்ன செடின்னே சொல்லலியேம்மா. எந்த ஏரியா? வெயில் எவ்ளோ நேரம்? தொட்டி என்ன சைஸ்?

பஞ்சகவ்ய_பித்தன்: எதுவா இருந்தாலும் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிங்க. என் ரோஜாவே சாட்சி.

அல்சூர்_அக்கா: பேரே தெரியாத செடிக்கு மருந்தா?

மாடித்தொட்டி: சாரி. பெங்களூரு ராமமூர்த்தி நகர், மொட்டை மாடி, நாள் பூரா வெயில். எங்க அக்கா அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல இருந்து வந்தப்ப பைல போட்டுக் கொண்டுவந்த விதை. காட்டு ஃப்ளாக்ஸ்னு சொன்னா, ஊதாவும் வெள்ளையுமா பூக்குமாம். அவ வீட்டு வேலியோரம் யாரும் போடாமலே மண்டிக் கிடக்கு. எனக்குத்தான் ராசியில்ல.

வேர்_வாத்தியார்: இதை முதல் வரிலயே எழுதியிருக்கலாம். அந்தப் பூவுக்கு இதழ் எத்தனை?

மாடித்தொட்டி: அவ அனுப்பின போட்டோல 4.

வேர்_வாத்தியார்: அப்ப ஃப்ளாக்ஸ் இல்ல. ஃப்ளாக்ஸுக்கு 5 இதழ், இலை எதிரெதிரா ஜோடியா வரும். இது டேம்ஸ் ராக்கெட், தாவரவியல் பேரு ஹெஸ்பெரிஸ் மேட்ரோனாலிஸ், கடுகுக் குடும்பம். முதல் வருஷம் தரையோட ஒட்டின இலைக் கொத்துதான். ஒரு குளிர்காலத்தைத் தாண்டினாத்தான் அடுத்த வருஷம் தண்டு எழும்பிப் பூக்கும். பெங்களூரு ஜனவரி விடியக்காலைல 15 டிகிரி. நமக்கு ஸ்வெட்டர், அதுக்கு வெயில் காலம். விதை வாங்குமுன்னே ஊரைப் பாருங்கன்னு எத்தனை தடவை எழுதறது?

இந்திராநகர்_தம்பி: தொட்டியோட 2 மாசம் ஃப்ரிட்ஜ்ல வெச்சா? எங்க மாமா துலிப் கிழங்கை அப்படித்தான் வெப்பார்.

வேர்_வாத்தியார்: கிழங்கு தூங்கும், இருட்டுல கிடக்கலாம். இது பச்சை இலையோட நிக்குது. கதவைச் சாத்தினா ஃப்ரிட்ஜ் பல்ப் அணைஞ்சுடும், தெரியும்ல? இன்னொண்ணு, இதை மாசசூசெட்ஸ்லயே விற்கத் தடை. ஐரோப்பாலேர்ந்து தோட்டத்துப் பூவாப் போய் காட்டோரமெல்லாம் பரவிடுச்சு. நம்ம ஊருக்கும் அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாம விதை கொண்டுவரக் கூடாது, மத்திய அரசோட 2003 உத்தரவு.

பஞ்சகவ்ய_பித்தன்: ஒரு சிட்டிகை விதைக்கு இவ்ளோ சட்டமா! நம்ம ரோட்ல நிக்கற ஜகரண்டா, டபேபியா எல்லாம் எந்த ஊராம்? பூத்தா நீங்களும்தானே செல்ஃபி போடறீங்க.

வேர்_வாத்தியார்: ஜகரண்டா பந்திப்பூர் காட்டுக்குள்ள போய் மானோட புல்லை மறைச்சுக்கிட்டு நிக்கல. உண்ணிச்செடி நிக்குது. அதுவும் 1800-கள் ஆரம்பத்துல கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்குன்னு வந்ததுதான்.

அல்சூர்_அக்கா: சண்டை போதும். சாயந்திர வாசனைதானே வேணும்? அந்திமந்தாரை போடும்மா. 4 மணிக்கு மேல விரியும், மிளகு மாதிரி விதை, தூவினாலே முளைக்கும்.

பஞ்சகவ்ய_பித்தன்: அதுவும் அமெரிக்கச் செடிதான் அக்கா. வாத்தியார் பிடுங்க வந்துடப்போறார்.

வேர்_வாத்தியார்: அது தன்னால முளைச்சுப் பரவற செடிதான். தொட்டியோட நின்னா சரி.

இந்திராநகர்_தம்பி: எங்க பாட்டி வாசல்ல 40 வருஷமா இருக்கு, அதை யாராவது தொட்டுப் பாருங்க.

(2 மாசம் கழிச்சு)

மாடித்தொட்டி: பூக்கல. இலையை எல்லாம் பச்சைப் புழு தின்னுடுச்சு. விசேஷத்துக்கு கே.ஆர். மார்க்கெட்ல மல்லி வாங்கிட்டோம். அந்தத் தொட்டில இப்ப அவரை போட்டிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

அல்சூர்_அக்கா: செடி அவரையா, கொடி அவரையா? தொட்டி என்ன சைஸ்னு இன்னும் சொல்லலியேம்மா.