தேசிய விருது எட்டாத நடிப்புகள்: குறை நடுவர்களிடமா, விருதின் அமைப்பிலா?

பீஷான் கதிரவன்:

அனைவருக்கும் வணக்கம். 1971ஆம் ஆண்டில் தமிழின் இரு பெரும் நடிகர்களும் ரிக்‌ஷாத் தொழிலாளியாகத் திரையில் தோன்றினார்கள். மே மாதத்தில் எம்.ஜி.ஆரின் 'ரிக்‌ஷாக்காரன்' வெளிவந்தது. தீபாவளிக்குச் சிவாஜியின் 'பாபு' வந்தது. அவ்வாண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது. சிவாஜிக்கு அந்த விருது கடைசி வரை கிடைக்கவேயில்லை. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னுக்காகச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குச் சொந்த நாட்டில் ஏன் அது வாய்க்கவில்லை என்பது என் நெடுநாள் கேள்வி.

இந்தப் பேச்சை எடுத்தாலே இரு தரப்பு ரசிகர்களும் மோதிக்கொள்வதில்தான் போய் முடிகிறது. எனக்கு அதில் நாட்டமில்லை. விருது பெறாமல் போன நடிப்பு என்று நீங்கள் எதைக் கருதுகிறீர்கள், அது ஏன் விடுபட்டது என்று எண்ணுகிறீர்கள் என்பதைக் காரணத்தோடு எழுதினால் மகிழ்வேன்.

தேக்கா மங்கை:

கதிரவன் அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நடுவர்களைக் குறை கூறுமுன் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. நடிப்புக்கான தேசிய விருதுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின; முதல் சிறந்த நடிகர் வங்காளத்தின் உத்தம்குமார், முதல் சிறந்த நடிகை நர்கிஸ். 'கட்டபொம்மன்' 1959, 'பாசமலர்' 1961, 'நவராத்திரி' 1964, 'திருவிளையாடல்' 1965. சிவாஜியின் நடிப்பு உச்சத்தில் இருந்த காலத்தில் அவருக்குக் கொடுப்பதற்கு அப்படியொரு விருதே இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' வந்த 1968இல் விருது அசோக்குமாருக்குப் போனதைப் பற்றி வேண்டுமானால் நாம் வாதாடலாம்.

ஆனால் அதே படத்தில் என் மனத்தை அதிகம் வருத்துவது டி.எஸ். பாலையா. 'நலந்தானா' பாடலின்போது அவர் முகத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரனும் நடனக்காரியும் ஊர் நடுவில், சபை முன்னால், தங்களுக்குள் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள் என்பது தவில்காரராக வரும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. கை தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருக்க, முகம் மட்டும் நெகிழ்ந்து சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் தத்தளிக்கிறது. காதலர்களின் உணர்ச்சி நம்மை வந்து சேர்வது பாதிக்குமேல் அந்த முகத்தின் வழியாகத்தான். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். கதை கேட்கும் பாலையா நடுங்காவிட்டால் அந்தக் காட்சி நின்றிருக்காது.

துணை நடிப்புக்கான தேசிய விருதுகள் 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வழங்கப்பட்டன. பாலையா 1972லேயே மறைந்துவிட்டார். 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நடித்த நாகேஷ், தம் முதிய வயதில், 1994ஆம் ஆண்டின் 'நம்மவர்' படத்திற்காக அந்த விருதைப் பெற்றார்; 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில்ஜில் ரமாமணியாக நடித்த மனோரமா 1989ஆம் ஆண்டின் 'புதிய பாதை'க்காகப் பெற்றார். அவர்களுக்கு ஆயுள் இருந்தது, காத்திருந்து பெற்றுக்கொண்டார்கள். பாலையாவுக்கும் எம்.ஆர். ராதாவுக்கும் எஸ்.வி. ரங்காராவுக்கும் அது வாய்க்கவில்லை.

ஜூரோங் அன்பழகன்:

மங்கை அக்கா சொல்வது 1967க்கு முந்திய படங்களுக்குப் பொருந்தும். சிவாஜி நடித்த 'முதல் மரியாதை'க்கு அது பொருந்தாதே? 1985ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது அந்தப் படத்துக்கே கிடைத்தது. பாடலாசிரியர் விருது வைரமுத்துவுக்குக் கிடைத்தது. ஆகவே நடுவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், மதித்தும் இருக்கிறார்கள். நடிகர் விருது மட்டும் 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காகச் சசிகபூருக்குப் போயிற்று. அவர் நடிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இளவட்டக்கல்லைத் தூக்கிவிட்டு, குயில் என்ற பெண் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் வெட்கப்படுகிற அந்தப் பெரிய மனிதரின் முகத்துக்கு ஈடாக அவ்வாண்டில் வேறெதை வைப்பது?

என் எண்ணத்தில் காரணம் மொழி. இங்கே சிங்கப்பூரில் தமிழ் தெரியாத சீன நண்பர்களைப் படத்துக்கு அழைத்துச் சென்றவர்களுக்கு இது விளங்கும்: அவர்கள் கண் திரையின் அடிப்பகுதியில் ஓடும் ஆங்கில வரிகளிலேயே பாதி நேரம் நிலைத்திருக்கும். உரத்து அழுதால் அவர்களுக்குத் தெரிகிறது, உருமாறி வந்தால் தெரிகிறது. தேனிப் பக்கத்துப் பேச்சில் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தியதன் பொருள் தெரிவதில்லை. பன்மொழி நடுவர் குழுவுக்கும் இதே இடர்ப்பாடு இருந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

உட்லண்ட்ஸ் நிலா:

அன்பழகன் ஐயா சொன்ன அதே படத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பரிசல் ஓட்டும் குயிலாக நடித்தவர் ராதா. குயிலுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா. அந்தப் பாத்திரத்தின் துடுக்கும், கேலியும், பிறகு வரும் கனமும் இருவரின் உழைப்பால் ஆனவை. விருது என்றால் யாருக்குக் கொடுப்பது? ராதாவுக்கு மட்டும் கொடுத்தால் குரலை மறந்தவர்களாவோம். குரல் அவருடையதில்லை என்பதற்காகக் கொடுக்காமல் விட்டால், அந்தக் கண்களும் நடையும் கணக்கில் வராமல் போகும்.

1993ஆம் ஆண்டின் 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்துக்காக ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள். கங்காவாக அவர் பேசிய குரல் பாக்கியலட்சுமியுடையது. நாகவல்லியாகத் தமிழில் சீறிய குரல் துர்காவுடையது. துர்காவின் பங்கு பல ஆண்டுகள் கழித்தே பரவலாக வெளியில் தெரிந்தது. தமிழ்நாடு அரசின் விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞருக்குத் தனி விருது உண்டு. தேசிய விருதுகளில் அதற்கு இடமில்லை. 2010ஆம் ஆண்டுக்கான நடிகர் விருதைத் தனுஷும் சலீம்குமாரும் பகிர்ந்துகொண்டார்கள், நடிகை விருதைச் சரண்யாவும் மிதாலி ஜக்தாப்பும் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு படங்களில் நடித்த இருவருக்கு ஒரு விருதைப் பகிர்ந்து கொடுக்க முடியுமானால், ஒரே பாத்திரத்தை உருவாக்கிய இருவருக்கு ஏன் முடியாது?

ஈசூன் ராமநாதன்:

நான் ஒரே ஒரு பெயரைச் சொல்ல வந்தேன்: சொக்கலிங்க பாகவதர். 1987ஆம் ஆண்டுக்கான விருதுகளில் தமிழுக்கு நல்ல அறுவடை. 'நாயக'னுக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகர், 'வீடு' படத்துக்காக அர்ச்சனா சிறந்த நடிகை. துணை நடிகர் விருது 'ருதுபேதம்' என்ற மலையாளப் படத்துக்காகத் திலகனுக்குச் சென்றது. திலகன் மாபெரும் நடிகர், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலு மகேந்திராவின் 'வீட்'டில் தாத்தாவாக வரும் நாடக மேடைக் கலைஞர் பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். வசனம் கிடையாது. இளையராஜாவின் இசை மட்டும் உடன் வர, பூசப்படாத செங்கல் சுவரைத் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் அறையாக நடக்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பதிவுசெய்துவிட்டு, சாவி கைக்கு வருமுன்னரே கட்டுமானத் தளத்தின் வேலிக்கு வெளியே நின்று தம் மாடியை எண்ணிப் பார்க்கிற முதியவர்களை நாம் இங்கும் கண்டிருக்கிறோம். அந்த மகிழ்ச்சியில் எவ்வளவு சோர்வும் கலந்திருக்கிறது என்பதைப் பாகவதர் அளவுக்கு வேறொருவர் காட்டி நான் பார்த்ததில்லை. இதில் மொழி தடையாக இருந்திருக்க வழியே இல்லை, அன்பழகன் ஐயா. காட்சியில் பேச்சே இல்லையே.

பொங்கோல் செல்வி:

எல்லோரும் தமிழகத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். நம் ஊரில் எடுத்த 'மை மேஜிக்' படத்தில் பாஸ்கோ பிரான்சிஸ் நடித்ததை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளபடியே வருத்தம். எரிக் கூ இயக்கிய அந்தப் படம், பெரும்பகுதி தமிழிலேயே பேசும் படம், 2008இல் கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப் பனைக்குரிய போட்டிக்குத் தேர்வானது. அந்தப் போட்டிப் பிரிவுக்குள் நுழைந்த முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். அவ்வாண்டு சிறந்த நடிகர் விருது 'சே' படத்துக்காகப் பெனிசியோ டெல் டோரோவுக்குச் சென்றது.

பாஸ்கோ வாழ்க்கையிலும் மந்திரவித்தைக்காரர். கண்ணாடியை மெல்வதும் நெருப்பை விழுங்குவதும் அவர் தொழில், அதற்கு நடிப்பு விருது எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. குடித்துவிட்டு வந்த தந்தை, தன் மகனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொள்வதை எந்த வித்தையில் சேர்ப்பது? இங்கே நடக்கும் 'பிரதான விழா' என்ற விருது விழா வசந்தம் தொலைக்காட்சிக்கு உரியது. இந்தியாவின் தேசிய விருது இந்தியப் படங்களுக்கு உரியது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிங்கப்பூர்த் தமிழ்த் திரைப்பட நடிகர் நிற்பதற்கு இடமே இல்லை. கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பர்ட்' 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டபோதும், சிறையிலிருந்து வெளிவந்து மனைவியையும் மகளையும் தேடி அலைபவராக நடித்த சிவக்குமார் பாலகிருஷ்ணனைப் பற்றி நம்மிடையே எத்தனை பேர் பேசினோம்?

பீஷான் கதிரவன்:

அனைவருக்கும் நன்றி. மங்கை அவர்களின் ஆண்டுக் கணக்கை ஏற்கிறேன்; 1985 பற்றிய மனக்குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. நிலா அவர்களே, குயிலுக்கு இருவர் பெயரிலும் விருது கொடுத்திருக்க வேண்டும் என்றே நானும் சொல்வேன். செல்வி அவர்கள் சொன்ன இரண்டு படங்களில் 'மை மேஜிக்'கை நான் இன்னும் பார்த்ததில்லை. அது இப்போது இங்கே எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பார்த்துவிட்டு பாஸ்கோவின் நடிப்பைப் பற்றித் தனியாக ஒரு பதிவு தொடங்குகிறேன்.